மாரிக் குளமும் கோடைத் தரவையும்: யாழ்ப்பாணத்து ஈரநிலச் செடிகளைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

சதுப்பு என்றதும் பாடப்புத்தகத்துப் படம்தான் பலருக்கு ஞாபகம் வரும்: பஞ்சுமெத்தையாகப் பாசி, அதன்மேல் கறுத்த நீர், பூச்சி தின்னும் செடிகள். அது குளிர்நாட்டுச் சதுப்பு. அங்கே ஸ்பாக்னம் என்ற பாசி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, நூற்றாண்டுகள் கழிய முற்றா நிலக்கரியாக மாறுகிறது. நீர் புளிப்பு, குளிர் அதிகம், மக்குதல் மெதுவு. யாழ்ப்பாணத்தில் எல்லாம் தலைகீழ். அடியில் சுண்ணாம்புக்கல், நீரில் காரம், மேலே வெயில். அத்தோடு ஆண்டில் பல மாதம் குளங்கள் வறண்டு கிடப்பதால், உதிர்ந்த இலையும் தண்டும் காற்றுப்பட்டு மக்கிப் போய்விடுகின்றன. இலங்கையிலே முற்றா நிலக்கரிப் படிவைப் பார்க்க விரும்பினால் நீர்கொழும்புக்குத் தெற்கே முத்துராஜவெலப் பக்கம் போகவேண்டும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒட்டாவாவுக்குக் கிட்ட உள்ள மேர் புளூவில் பலகைப் பாதையில் நடந்தே அசல் ஸ்பாக்னம் சதுப்பைப் பார்க்கலாம்.

நமக்கு இருப்பவை குளம், கேணி, மோட்டை என்ற சிறு நீர்ப்பள்ளம், வயல், தரவை என்ற திறந்த புல்வெளி, கடல்நீரேரிக் கரை. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு: தண்ணீர் வரும், போகும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் நீர் வற்றிக்கொண்டே போகிறது. செடிகள் இந்த வரவுக்கும் போக்குக்கும் ஏற்ப முறைவைத்து எழும்புகின்றன. அதனால் 'இந்தச் செடியை எங்கே பார்க்கலாம்?' என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எந்த மாதம், நீர் எந்த மட்டத்தில் நிற்கும்போது என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் இதைப் பிடித்துக்கொண்டால் போதும், பெயர்கள் தானாகச் சேரும்.

முதலில் இடம்: ஒரு நன்னீர், ஒரு உவர்

ஊரெல்லாம் சுற்றவேண்டாம். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரு குளத்தைத் தெரிவுசெய்யுங்கள். அதோடு ஒரு உவர்வெளி. இரண்டையும் ஐப்பசியிலிருந்து அடுத்த ஆவணி வரை திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வேலை.

குளத்தைத் தெரிவுசெய்யும்போது கரையைப் பாருங்கள். கரை சாய்வாக இறங்கவேண்டும். நான்கு பக்கமும் செங்குத்தாக மதில் கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு வைத்த குளங்கள் மாலையில் காற்றுவாங்க நல்லவை. செடி பார்க்க வந்தவருக்கு அங்கே அதிகம் கிடைக்காது. நீர் ஓரடி இறங்கினால் சாய்வான கரையில் பல மீற்றர் அகலத்துக்கு ஈரச்சேறு வெளிப்படும். அந்தச் சேற்றில்தான் விதைகள் முளைக்கின்றன. மதில் கட்டிய குளத்தில் அதே ஓரடி நீர் இறங்கினால் மதிலில் ஓரடி பாசிக்கறை தெரியும், வேறொன்றும் இல்லை. குளத்தைத் தூர்வாரிப் 'புனரமைக்கும்' எல்லோரும் இதை யோசிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆழப்படுத்துவது தேவையானது, ஒரு பக்கமாவது சாய்வாக விடுவதால் செலவு ஒன்றும் அதிகமாகாது.

நகரத்துக்கு வெளியே வயலோடு ஒட்டிய குளங்கள் நல்ல தெரிவு. வலிகாமத்தில் இருப்பவர்களுக்கு வழுக்கையாற்று வழி இருக்கிறது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களூடாக வந்து, அராலியில் கடல்நீரேரியோடு கலக்கும் மாரிக்கால ஓடை அது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல அதுதான் உண்டு, அதுவும் கோடையில் இல்லை. அதன் இருபக்கமும் உள்ள குளங்களும் பள்ளவயல்களும் செடிக்குப் பேர்போனவை.

உவர்வெளிக்கு வடமராட்சிக்காரர் வல்லைவெளிக்குப் போகலாம். தொண்டைமானாற்று நீரேரிக் கரை அது, வீதியோரத்தில் நின்றே பாதியைப் பார்த்துவிடலாம். தென்மராட்சியில் சரசாலைப் பக்கம், கோப்பாய்–கைதடி வீதி, நாவற்குழி. நகரத்தில் இருப்பவர்கள் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போனால் மண்டைதீவுக் கண்டல்காட்டையும் (உப்புச்சேற்றில் வளரும் மரக்காடு), அதைத் தாண்டி வேலணைத் தரவையையும் ஒரே காலையில் பார்த்துத் திரும்பலாம்.

சுண்டிக்குளம் எப்போதும் எல்லோரும் சொல்லும் இடம். 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் பொருந்தும், செடியின் ஒரு இலையைக்கூடப் பிடுங்கக்கூடாது. தொடக்கத்துக்கு அது வேண்டாம், தூரம் கூட.

கண்ணிவெடி, பாம்பு, எலிக்காய்ச்சல்

இதைப் பின்னுக்குத் தள்ளாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போர் நடந்த நிலம் இது. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் போன்ற பக்கங்களில் சிவப்பு அடையாளப் பலகையோ, சிவப்பு நாடாவோ, மண்டையோட்டுப் படமோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும், ஆடுமாடு போய்வந்து விழுந்த தடம் இல்லாத பற்றைக்குள் புகவேண்டாம். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பாம்பில் கண்ணாடி விரியனுக்குத்தான் முதலிடம். வயல் வெட்டும் காலத்தில் எலி தேடி வரப்புகளிலும் குளக்கட்டுப் புல்லிலும் கிடக்கும். கரையோர மணலில் சுருட்டை விரியனும் உண்டு. முழங்கால் வரை உயர்ந்த றப்பர் சப்பாத்து, கையில் ஒரு நீளக் கம்பு, முன்னால் தட்டித் தட்டி நடப்பது. இவை மூன்றும் போதும். கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும்.

எலிக்காய்ச்சலை நம் ஆட்கள் இலேசாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்கள் போனபிறகுதான் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. வெள்ளம் வடியும் வாரங்களில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவேண்டாம். காலில் கீறல், புண் இருந்தால் அன்று குளக்கட்டில் நின்றே பாருங்கள். சேற்றில் நின்ற நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், எங்கே இறங்கினீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். அடிக்கடி இறங்குகிறவர்கள் தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முற்காப்பு மாத்திரை பற்றிக் கேட்கலாம். கமக்காரருக்குக் கொடுக்கிறார்கள்.

கையில் என்ன?

அப்பியாசக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. பேனை வேண்டாம், மழையில் கரையும். கைத்தொலைபேசிக் கமரா, அதை மூட ஒரு பொலித்தீன் பை, கைவில்லை இருந்தால் நல்லது, குடிக்கத் தண்ணீர், தொப்பி. செடிகளைப் பிடுங்கிவரப் பை எடுத்துப் போகாதீர்கள்.

முதல் நாள்: நீர்மட்டத்துக்கு ஒரு அடையாளம்

பழைய குளமென்றால் படிக்கட்டு இருக்கும். மேலிருந்து எத்தனையாவது படியில் நீர் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். படி இல்லாவிட்டால் மதகுச் சுவரிலோ, கரையில் நிற்கும் மருதமரத்து வேரிலோ ஒரு இடத்தைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் எழுதவேண்டியது அந்த மட்டத்தைத்தான், பிறகுதான் செடி.

அடுத்தது ஒரு நேர்கோடு. குளக்கட்டின் உச்சியில் நின்று நீரை நோக்கி இறங்குங்கள். பத்து அடிக்கு ஒருமுறை நின்று காலடியைச் சுற்றி என்ன இருக்கிறதென்று எழுதுங்கள். மேலே அறுகும் ஆவாரையும் இருக்கும். கீழே வரப் பொடுதலை படர்ந்திருக்கும். இன்னும் கீழே கோரை, வல்லாரை, பொன்னாங்காணி. நீரின் விளிம்பில் வள்ளைக்கீரை மிதந்து கிடக்கும். அதற்கும் அப்பால் சம்பு நிற்கும், ஆழத்தில் ஆம்பல். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள்போல் குளமும் வளையம் வளையமாக இருப்பது இந்த நடையில் விளங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் இறங்குங்கள். நீர் வற்ற வற்ற வளையங்கள் உள்ளே நகரும், மழைக்குத் திரும்ப வெளியே வரும்.

புல்லையும் கோரையையும் பிரித்தறிவது முதல் பரீட்சை. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரைக் குடும்பம். உருண்டையாக, இடையிடையே கணுவோடு, உள்ளே வெறுமையாக இருந்தால் புல். சம்பின் இலை தட்டையாக ஆள் உயரத்துக்கு மேல் நீளும், உச்சியில் பழுப்பு நிறக் கதிர் தடித்து நிற்கும்.

மாதம் மாதமாக

புரட்டாதிக் கடைசி, ஐப்பசி. முதல் மழைக்கு முன் ஒருமுறை கட்டாயம் போங்கள், வெறும் தரைதான் இருக்கும் என்றாலும். வெடித்த களிமண், காய்ந்த சம்புத் தாள், மாட்டுச் சாணம். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போனால் அதே தரை பச்சையாக இருக்கும். நாலு இலைத்துண்டுகள் கூடிய சின்ன இலையோடு எழும்புவது ஆரைக்கீரை. பூவே பூக்காது, அது பன்னத்தின் இனம். காம்பின் அடியில் பயறு அளவில் கறுத்த, கடினமான உறை ஒன்று இருக்கும். அதற்குள் வித்திகள் ஆண்டுக்கணக்கில் வறட்சியைத் தாங்கிக் கிடக்கும், தண்ணீர் பட்டால் உடனே வெளிவரும். தரையைக் கைவில்லையால் பார்த்தால் அந்த உறைகளை மழைக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஆம்பலும் கொட்டியும் வேறு வழி: சேற்றுக்குள் கிழங்காக உறங்கிக் கிடந்து, நீர் நின்றதும் இலையை மேலே அனுப்புகின்றன. எது விதையிலிருந்து வந்தது, எது கிழங்கிலிருந்து வந்தது என்று இந்த இரண்டு வாரத்தில் பார்த்தால்தான் தெரியும். பிறகு எல்லாம் கலந்துவிடும்.

கார்த்திகை, மார்கழி. குளம் முட்டும். நீர் கலங்கி மண்நிறத்தில் இருக்கும், பூ குறைவு. அதிகம் இறங்காமல் குளக்கட்டிலிருந்து பாருங்கள். வேலிகளில் கார்த்திகைப்பூ செக்கச் சிவந்து நிற்கும் காலம் இது. ஈரநிலச் செடி இல்லை என்றாலும் கண் அதில்தான் போய் நிற்கும், போகட்டும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். நீர்மேல் மிதப்பவற்றைக் குறித்துக்கொள்ள இதுவே நேரம். வெள்ளம் வாய்க்கால் வழியாக எதைக் கொண்டுவந்து சேர்த்தது என்று தெரியும். ஆகாயத்தாமரை ஒரு மூலையில் கையளவு இருந்தால், தை முடிவதற்குள் அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கவனியுங்கள். தோட்டத்துப் பசளை கரைந்து வரும் குளங்களில் வேகம் கூட.

தை, மாசி. ஆண்டின் உச்சம். பனிக்காலம். நீர் தெளிந்து, வெயில் இதமாகி, எல்லாம் பூக்கும். புதியவர் யாராவது 'ஒரே ஒருமுறைதான் வரமுடியும்' என்றால் தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் இடையில் வரச்சொல்லுவேன்.

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ பூக்கும் ஆம்பல் மாலையில் விரிந்து, இரவு முழுக்கத் திறந்திருந்து, முற்பகலில் கூம்பிவிடும். நீலோற்பலம் பகலில் விரிவது. எட்டு, ஒன்பது மணியளவில் குளக்கரையில் நின்றால் ஒன்று கூம்புமுன் மற்றது விரிவதை ஒரே பார்வையில் காணலாம். பூ இல்லாதபோதும் பிரித்தறியலாம். ஆம்பல் இலையின் விளிம்பு பல்வெட்டாக, அடிப்பக்கம் மயிரோடு இருக்கும். நீலோற்பலத்தின் இலை அடிப்பக்கம் வழவழப்பு. நாட்டின் தேசிய மலர் நீலோற்பலம்தான், 1986 இல் அறிவித்தார்கள். தாமரையைக் குழப்பவே தேவையில்லை: இலையில் பிளவு இருக்காது, காம்பு இலையின் நடுவில் பொருந்தும், முதிர்ந்த இலை நீருக்கு மேலே எழும்பி நிற்கும்.

கொட்டியின் பூங்கதிர் நீருக்கு மேலே விரல் நீளத்துக்கு எழும்பும், பலருக்குக் கண்ணில் படாது. நீண்ட இலைகள் நீர்ப்பரப்பில் படிந்து கிடப்பதைக் கண்டால் நின்று தேடுங்கள். ஆம்பல் இலையைச் சின்னதாக்கி வைத்தாற்போல் மிதக்கும் இன்னொன்று நிம்போயிடஸ். வெள்ளைப் பூவின் இதழ் முழுக்க மெல்லிய மயிர் இருக்கும். சில குளங்களில் மஞ்சள் பூவொன்று மட்டும் நீருக்கு மேலே நிற்கும், இலை ஒன்றும் தெரியாது. அதன் தண்டைக் கம்பால் மெல்லத் தூக்கினால் நீருக்குள் நூல்நூலாகப் பிரிந்த இலைகளும், அவற்றில் கடுகளவு பைகளும் தெரியும். யூட்ரிகுலேரியா. நீர்ப்பூச்சிகள் தொட்டதும் பை திறந்து உள்ளிழுத்துவிடும். குளிர்நாட்டுச் சதுப்புக்குத்தான் பூச்சிதின்னிகள் என்று நினைத்திருந்தவர்களுக்கு இதைக் காட்டவேண்டும்.

கரையில் நீர்முள்ளி. ஊதா நிறப் பூ, ஒவ்வொரு கணுவிலும் சுற்றிவர நீண்ட முள். தொட்டுப் பார்க்க ஆசைப்படவேண்டாம். குளக்கரையில் ஆடு மேய்க்கும் ஒருவரிடம் "அண்ணை, உதுக்கு என்ன பேர்?" என்று கேட்டால், "நீர்முள்ளி தம்பி, சலக்கடுப்புக்கு ஆச்சி அவிச்சுத் தாறவ" என்று பேரோடு மருந்தும் வந்துவிடும். செடிப்பெயரைக் கேட்க இவர்களைவிட நல்ல ஆள் இல்லை. மருந்துச் சங்கதியை மட்டும் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

பங்குனி, சித்திரை. என்னைக் கேட்டால் தை மாதப் பூக்களைவிட இதுதான் சுவையான பருவம். பெரும்பாலோர் இதற்குள் வீட்டில் இருந்துவிடுவார்கள். நீர் பின்வாங்கப் பின்வாங்க, சேற்றில் புதிய கூட்டம் ஒன்று முளைக்கிறது. மாசிப்பத்திரி தரையோடு கிடந்து மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். வெட்டிய வயல்களில் கொட்டைக்கரந்தை, ஊதா நிற உருண்டைத் தலைகளோடு, கசக்கினால் வாசம். செருப்படை தரையோடு தரையாகத் தட்டையாகப் படர்ந்து, மேலே மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. கையாந்தகரை வெள்ளைப் பூவோடு. தேள்கொடுக்கின் பூங்கதிர் சுருண்டு நிற்பதால் பெயர் சொல்லாமலே தெரிந்துவிடும். நீர்மேல்நெருப்பு மெலிந்து சிவந்த தண்டோடு நிற்கும், இலையைத் தோலில் அரைத்துப் பூசினால் கொப்பளிக்கும், பெயருக்கேற்ற குணம்.

இவை எல்லாம் விதையிலிருந்து முளைத்து, பூத்து, திரும்ப விதைபோட்டு முடிக்க இரண்டு மூன்று மாதம்தான் அவகாசம். ஆகவே இந்த நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போங்கள். உங்கள் நேர்கோட்டில் மேலே முளைத்தவை ஏற்கெனவே காயோடு இருக்கும், நடுவில் உள்ளவை பூவோடு, கீழே நீரோரத்தில் உள்ளவை இரண்டிலைக் கன்றாக. நீர் எந்தக் கிழமை எந்த இடத்தை விட்டு விலகியது என்பதைச் செடியின் வயதை வைத்தே சொல்லிவிடலாம், உங்கள் கொப்பியில் உள்ள படிக்கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். சித்திரையில் இடையில் ஒரு மழை பெய்தால் இந்த ஒழுங்கு குழம்பும். அதையும் எழுதுங்கள்.

கொட்டிக்கிழங்கு தோண்டுவதும் குளம் வற்றும் இந்தக் காலத்தில்தான். அவித்துத் தின்பார்கள். அதைத் தோண்டுகிறவர்களைக் கண்டால் நின்று பேசுங்கள். கிழங்கு எந்த ஆழத்தில் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. காய்ந்த கரையில், வெள்ளைச் சின்னப் பூக்களோடு, கரட் இலையை ஒத்த இலையோடு அடர்த்தியாக நிற்பது பார்த்தீனியம். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், மூச்சும் இழுக்கும். அதற்குள் நடந்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போகவேண்டியிருந்தால் சப்பாத்தைத் தட்டிக் கழுவிவிட்டுப் போங்கள், விதை ஒட்டிக்கொண்டு வரும்.

வைகாசி முதல் ஆவணி வரை. சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும், குளத்தில் புழுதி. இந்த மாதங்கள் உவர்வெளிக்கு.

உவர்வெளியில் பார்க்கும் முறை

நன்னீர்க் குளத்தில் ஆழம் செய்யும் வேலையை இங்கே உப்பு செய்கிறது. மாரியில் மழைநீர் கலந்து நீரேரி உப்புக் குறையும், தரவை முழுக்கப் புல். சோளகத்தில் நீர் ஆவியாகி உப்பு ஏறும், ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு கட்டும். அந்த நேரத்தில் உமரி சிவக்கும். வல்லைவெளியில் ஆடி மாதத்தில் வீதியிலிருந்தே அந்தச் சிவப்பைக் காணலாம்.

உமரி என்று ஊரில் ஒரே பெயரில் சொல்வது பல செடிகளை. குனிந்து பாருங்கள். சின்னச் சின்னத் தடித்த இலைகள் இருந்தால் சுவேடா. இலையே இல்லாமல், கணுக்கணுவாகத் தண்டு மட்டும் இருந்தால் சலிக்கோர்னியா வகை. நிலத்தோடு படர்ந்து, தடித்த இலையோடு, இளஞ்சிவப்பாகப் பூப்பது செசுவியம். மூன்றும் உப்பைத் தண்ணீரோடு சேர்த்து உடம்பில் தேக்கி வைப்பவை. அதனால்தான் அந்தத் தடிப்பு.

கண்டல்காட்டுக்கு வற்றுநீரில் போங்கள். மரங்களை வேரால் பிரிப்பது எளிது. வளைந்த முட்டுவேர்கள் தண்டைத் தாங்கி நின்றால் கண்டல். சுற்றிவரச் சேற்றிலிருந்து பென்சில் பருமனில் மூச்சுவேர்கள் நட்டுக்கு நிற்குமானால் வெண்கண்டல், சிலர் கண்ணா என்பர். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. மழையில்லாத காலையில் இலையைத் தடவிப்பார்த்தால் உப்புத்தூள் கையில் ஒட்டும். கண்டலின் காய் மரத்திலேயே முளைத்து நீண்ட கன்றாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழும். மூச்சுவேர்களை மிதித்து நடக்காதீர்கள், மரம் மூச்சுவிடுவது அவற்றால்தான்.

தில்லை மரத்தைத் தெரிந்துகொண்டு விலகி நில்லுங்கள். கிளை முறிந்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உதிருமுன் இலைகள் சிவப்பது அடையாளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரை மறித்து மழைநீரைத் தேக்குவதற்காகத் தடுப்பணைகள் கட்டினார்கள். கதவு நன்றாக வேலைசெய்து நன்னீர் நின்றால் புல்லும் சம்பும் கரையிலிருந்து முன்னேறும். உப்புநீர் புகுந்தால் உமரி திரும்பப் பிடிக்கும். அணைக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடந்து பார்ப்பது ஒரு நல்ல பாடம். நீரேரியைப் பற்றிய அரசியல் பேச்சுகளைவிடச் செடிகள் தெளிவாகச் சொல்லும்.

பெயர் வைப்பதும் பதிவு செய்வதும்

ஒரு செடிக்கு நான்கு படம்: முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ அல்லது காய். அளவு தெரிய ஒரு பத்து ரூபா நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். பூவை மட்டும் அழகாக எடுத்துவந்தால் யாராலும் பெயர் சொல்லமுடியாது. கோரை வகைக்குக் கதிரையும் தண்டின் அடியையும் எடுக்கவேண்டும்.

கொப்பியில் திகதி, நேரம், நீர்மட்டம், குளக்கட்டிலிருந்து எத்தனை அடி தூரம், நீரிலா சேற்றிலா காய்ந்த தரையிலா, பூவா காயா. ஊர்ப்பெயரைச் சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். வடமராட்சியில் ஒரு பெயர், தீவகத்தில் வேறு பெயர் இருக்கும், இரண்டும் சரி. தாவரவியற் பெயரைப் பிறகு தேடலாம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் முதலில் இயந்திரம் ஒரு பெயர் சொல்லும். அதை நம்பவேண்டாம், ஆட்கள் வந்து உறுதிசெய்யும் வரை பொறுத்திருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலும் கேட்கலாம். சிக்கலான மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரச் சேகரம்தான் கடைசி இடம்.

குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாதவை, கொண்டுவரக் கூடாதவை

வீட்டு மீன்தொட்டியைக் கழுவி அதிலுள்ள செடியைக் குளத்தில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அழகுக்காகக் கொண்டுவந்த நீர்ச்செடி என்ன செய்யும் என்று இலங்கைக்கு நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரியும். ஊதாப்பூவோடு மிதக்கும் ஐகோர்னியாவைத் தடுக்க 1909 இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். சல்வீனியா அதற்குப் பிறகு வந்து வயல்களையும் குளங்களையும் மூடியது. உங்கள் குளத்தில் இவை இரண்டில் ஒன்றைப் புதிதாகக் கண்டால், கைப்பிடி அளவில் இருக்கும்போதே அப்பகுதிக் கமநல சேவைகள் நிலையத்தில் சொல்லுங்கள், சிறு குளங்கள் அவர்களின் பொறுப்பில் வருபவை. பிரதேச சபையின் பொறுப்பிலுள்ள குளமென்றால் அங்கே சொல்லவேண்டும்.

கீரை பறிக்கும் ஆசை வரும். வல்லாரைச் சம்பலுக்கும் பொன்னாங்காணி வறைக்கும் ஆசைப்படாதவர் யார்? ஆனால் நகரத்து வாய்க்கால் வந்து விழும் குளத்தில் பறிக்கவேண்டாம். கழிவுநீரில் உள்ள கிருமியும் உலோகமும் கீரையில் சேரும். கழுவினாலும் உலோகம் போகாது. மருந்தடிக்கும் தோட்டத்து வெள்ளவாய்க்காலோரமும் அப்படித்தான். வயல்வெளிக் குளமாகவே இருந்தாலும் பச்சையாகத் தின்னாமல் சுண்டி, வறுத்துத் தின்பது நல்லது.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் பழைய கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நீர் அதே படியைத் தொட்ட திகதி முன்னுக்கு வந்திருக்கும், அல்லது பின்னுக்குப் போயிருக்கும். ஆம்பலின் முதல் பூவும் அதோடு நகர்ந்திருக்கிறதா என்று பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். மூன்று ஆண்டுப் பதிவு சேர்ந்துவிட்டால் அதை ஒரு பிரதி எடுத்து அந்தக் குளத்துக் கமக்காரர் அமைப்பிடம் கொடுத்துவையுங்கள். அடுத்தமுறை தூர்வார இயந்திரம் வரும்போது எந்தக் கரையைத் தொடாமல் விடலாம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு தாளாவது இருக்கும்.